‘தகப்பனார் பெயர்’ என்ற கட்டம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பேரைச் சொன்னதும் “இனிஷியல்?” என்று அடுத்த கேள்வி வந்துவிடும். ரேஷன் கடையிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் இடத்திலும் அப்படித்தான். அந்த ஒற்றை எழுத்துதான் அப்பா. நம் ஊரில் கைகலப்பில் முடியக்கூடிய வசவுகளில் ஒன்று ‘அப்பன் பேர் தெரியாதவன்’. ஐம்பது வயதில் ஒருவர் “என்னைப் பெற்றவர் யார்?” என்று தேடக் கிளம்பினால், அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் கிளம்புவது இதனால்தான்.

இந்தத் தேடல் சென்னையில் எப்படி நடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று பார்ப்போம். இது பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் நிறைய உண்டு. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி வேலை செய்யாது, மீதி தப்பான வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

முதல் வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது. மேலைநாடுகளில் தந்தை தெரியாத குழந்தையின் பிறப்புப் பதிவில் பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். தேடுபவருக்குத் தான் என்ன தேடுகிறோம் என்பதாவது தெரியும். நம் ஊரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட யாருக்கும் மனசு வராது, விட்டால் அலுவலகமும் முன்பெல்லாம் வாங்காது. பான் கார்டுக்கு அப்பா பெயர் கட்டாயமில்லை என்று, தாய் மட்டுமே வளர்த்த பிள்ளைகளுக்காக விதி தளர்ந்ததே 2018 டிசம்பரில்தான். திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம், பிறப்புச் சான்றிதழும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015இல். அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்த வசதிகள் இல்லை. ஆகவே யாராவது ஒருவர் அந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பார். அம்மாவின் கணவர் பெயர், தாத்தா பெயர், தாய்மாமன் பெயர், சமயத்தில் அந்த நேரத்தில் வாயில் வந்த ஏதோ ஒரு பெயர். சென்னையில் தேடுபவரின் கையில் இருப்பது காலிக் கட்டமல்ல, நிரம்பிய கட்டம். அதில் இருக்கும் பெயரை நம்பி நூல் பிடித்துப் போனால், உறவே இல்லாத ஒரு மனிதரின் ஊரில் போய் நிற்க வேண்டிவரும்.

அதனால் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும், இந்தப் பெயரைச் சொன்னது யார், யாரிடம், எதற்காக என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அது சரியா தப்பா என்ற கேள்வி அதற்குப் பிறகு.

பிறப்புப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, 1972இல் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ, மாநகராட்சிப் பிரசவ விடுதியிலோ, வீட்டிலேயே மருத்துவச்சி கையிலோ பிறந்திருப்பார். பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வாய்ப்பு குறைவு, ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும். பேர் வைப்பதற்கு முன்பே பதிவு போய்விடும், பிறகு சேர்க்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. அதனால் பிறந்த தேதி, அம்மாவின் பெயர், தெரு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் தேட வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆவது பிரிவில், யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் வாங்கலாம் என்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், பிரிவு எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. கிடைக்கும் நகலில் தந்தை பெயர் என்று இருப்பது, தகவல் கொடுத்தவர் சொன்ன பெயர். அவரிடம் யாரும் ஆதாரம் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தப் பெயரைவிட, அதற்குப் பக்கத்தில் இருக்கும் முகவரிதான் பல நேரம் உதவும். அம்மா அந்த வருஷம் எந்தத் தெருவில், யார் வீட்டில் இருந்தார் என்பது அதில் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கணக்கெடுப்புத் தாள்கள் வீடு வீடாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறது, அந்தக் கதவு சாத்தியாயிற்று. அதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது வாக்காளர் பட்டியல். வீட்டு எண், பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் எல்லாம் அதில் உண்டு. 2025 இறுதியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரும் அப்பா அம்மா பெயரும் எங்கே என்று தமிழ்நாடே தேடியது. குடும்ப வரலாறு தேடுகிறோம் என்ற நினைப்பு இல்லாமலே லட்சக்கணக்கானவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள்.

சொத்துப் பத்திரம் இன்னும் நல்ல சாட்சி. கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை என்று எதுவானாலும் ‘இன்னாருடைய குமாரர் இன்னார்’ என்றுதான் ஆளை அடையாளம் காட்டும். பணமும் மண்ணும் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் பொய் சொன்னால் வழக்கு வரும் என்ற பயம் இருக்கும். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும் அப்படித்தான். சந்தேகப்படும் மனிதர் இறந்துவிட்டார் என்றால் அவருக்கு வாரிசு என்று யார் யார் பெயர் ஏறியிருக்கிறது, ஆட்சேபம் ஏதும் வந்ததா என்று பார்க்க வேண்டும். ‘சின்ன வீடு’ என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம் இங்கேதான் சிரிப்பில்லாமல் வெளியே வரும். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தை 1949இலேயே சட்டம் தடுத்துவிட்டது, நாடு முழுவதற்கும் 1955இல் வந்தது. அதற்காக இரண்டாவது குடும்பங்கள் நின்றுவிடவில்லை, பதிவில் இல்லாமல் போயின, அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அப்பா ‘வந்து போகும் மாமா’வாக இருந்திருப்பார். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும், பெற்றோருக்கு வரவேண்டிய பூர்வீகச் சொத்துப் பங்கிலிருந்து உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்குப் பிறகு, ஒருவர் அப்பாவைத் தேடி வந்தாலே சொத்துக்காகத்தான் வருகிறார் என்று எதிர்த்தரப்பு முடிவுகட்டிவிடுகிறது. தேடுபவர் இதை முன்பே எதிர்பார்த்திருப்பது நல்லது.

இனிஷியல் எப்போதும் அப்பாவைத்தான் சொல்லும் என்பதும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவருடைய அம்மா சண்முகவடிவு. அதே மாதிரி ஊர்ப் பெயர், தாய் பெயர், வளர்த்தவர் பெயர் என்று முன்னெழுத்துக்குப் பல பிறப்பிடங்கள் உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஆளுக்கு ஒரு இனிஷியலும், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறொன்றும் இருந்தால் எழுத்துப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. பள்ளியில் சேர்த்தது யார் என்று விசாரித்தால் பாதிக் கதை அங்கேயே கிடைக்கும்.

சென்னைக்கே உரிய இன்னொரு வகைத் தேடல் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர், வேப்பேரி என்று வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுடையது. கோட்டையில் 1680இல் கட்டி முடித்த புனித மேரி ஆலயத்திலிருந்தும், மதராஸ் மாகாணத்து மற்றத் தேவாலயங்களிலிருந்தும் அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகளும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரச் சிப்பாய் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டால் அவர் பெயரும் படைப்பிரிவும் பதிவில் இருக்கும், தாயைப் பற்றி ‘சுதேசிப் பெண்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லாமல் போகலாம். எழும்பூரில் 1789இல் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று ஆண் அநாதை விடுதி தொடங்கியதே, அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. மற்ற சென்னைக்காரர்கள் அப்பாவைத் தேடி அலைகிறார்கள் என்றால், இவர்களில் பலர் அப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளுப்பாட்டியைத் தேடுகிறார்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளில் நிலைமை வேறு. தந்தை தெரியாவிட்டால் ‘பாத்ரே இக்னோத்தோ’ என்று லத்தீனில் எழுதிவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதியதில் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்கிறது.

இனி டி.என்.ஏ. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் அப்பா பெயர் வந்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. வராது. அந்த நிறுவனங்கள் தருவது, தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்களில் யாரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு. பெரிய தொகுப்புகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும்தான். சென்னைக்காரருக்கு ஒத்துவரும் ஆள் கிடைத்தால், அவர் பெரும்பாலும் வெளிநாட்டில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவராக இருப்பார். தமிழே தெரியாமல்கூட இருக்கலாம், அவருடைய தாத்தா ஊரைக் கேட்டால் ‘மெட்ராஸ் பக்கம்’ என்பார்.

கணக்கு இப்படி. பெற்றவரோடு பாதி ஒத்துப்போகும். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்போடு கால்வாசி. சித்தப்பா, மாமன், அத்தை, தாத்தா பாட்டி இவர்களோடும் அதே கால்வாசி. பெரியப்பா பிள்ளை, மாமன் பிள்ளையோடு சுமார் 12.5 சதவீதம். தேடுபவர்கள் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு முதலில் செய்வது, ஒத்துவரும் ஆட்களை அம்மா பக்கம், அப்பா பக்கம் என்று இரண்டாகப் பிரிப்பது. அம்மா பக்கத்தைக் கழித்தால் மிச்சம் அப்பா பக்கம்.

இந்தக் கழித்தல் கணக்கு தமிழ்க் குடும்பத்தில் சறுக்கும். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொள்ளும் ஊர் இது, அக்கா மகளைத் தாய்மாமன் கட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூட, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்வாசிக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு மூன்று தலைமுறை இப்படிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், அம்மா பக்கமும் அப்பா பக்கமும் ஒரே மரத்தின் கிளைகளாகிவிடும், எதை எதிலிருந்து கழிப்பது? வெள்ளைக்காரக் கணக்குப்படி ஒன்றுவிட்ட சகோதரர் என்று காட்டும் ஆள், உண்மையில் நான்கு வழியில் தூரத்துச் சொந்தமாக இருப்பார். அதனால் நம்மவர்கள் அறிக்கையில் ‘இரண்டாம் நிலை உறவு’ என்று வந்தால், இன்னும் ஓரிரு படி தள்ளி வைத்துப் பார்ப்பது உசிதம். மொத்த அளவைவிட, ஒத்துப்போகும் துண்டுகள் எவ்வளவு நீளம் என்பது முக்கியம். நீளமான துண்டுகள் சமீபத்திய உறவையும், குட்டிக் குட்டித் துண்டுகள் குவிந்திருப்பது ஒரே சாதிக்குள் பல தலைமுறை கட்டிக்கொண்டதையும் காட்டும்.

இதில் இன்னொன்றைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பாகப் படித்தால் ஒரு ஆளையே உடைத்துவிடும். ஒருவரின் பெற்றோர் தங்களுக்குள் உறவா என்பதையும் இந்தச் சோதனை காட்டும். தாய்வழியும் தந்தைவழியும் வந்த டி.என்.ஏ. பிரதிகள் ஒரே மாதிரி இருக்கும் பகுதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டு பிறந்த குழந்தைக்கு அது சராசரியாக 6.25 சதவீதம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறந்த குழந்தைக்கு 12.5. ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்த ஒரு தத்துப்பிள்ளையின் அறிக்கையில் இந்த 12.5 வந்தால், அங்கே இருக்கும் ஆலோசகருக்கு என்ன தோன்றும்? அவர் ஊரில் தாய்மாமன் கல்யாணம் கேள்விப்படாத விஷயம். குடும்பத்துக்குள் நடந்த ஏதோ கொடுமை என்றுதான் அவர் முதலில் நினைப்பார். அதே தாளை ஆரணியிலோ அரக்கோணத்திலோ ஒரு பாட்டியிடம் காட்டினால், “மாமனைக் கட்டிக்கிட்டிருப்பா” என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கொடுமை நடந்திருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. எண் மட்டும் அதைச் சொல்லாது.

ஆணாக இருந்தால் ஒய் குரோமோசோம் சோதனையும் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது அது. மேலைநாடுகளில் குடும்பப் பெயரும் அதே வழியில் இறங்குவதால், ஒத்துவரும் ஆட்களின் பெயரைப் பார்த்தே அப்பாவின் குடும்பப் பெயரை ஊகிக்கிறார்கள். இனிஷியல் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும் நம்மிடம் அது நடக்காது. ஆனால் நம்மிடம் பங்காளி முறை இருக்கிறது. பங்காளி என்றாலே ஒரே ஆண்வழி, ஒரே குலதெய்வம். குலதெய்வக் கோயிலில் கொடைக்கு வரி போடும்போது எழுதும் தலைக்கட்டு நோட்டு, அந்த வழியில் வந்த ஆண்களின் பட்டியல். ஊரை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டவருக்கு, கோயில் தர்மகர்த்தா வீட்டு அலமாரியில் இருக்கும் அந்த நீளமான நோட்டு எந்தக் கம்பெனியின் தொகுப்பையும்விடப் பெரிய உதவி. சந்தேகப்படும் மனிதர் உயிரோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் பங்காளிகளில் ஒருவர் சம்மதித்துச் சோதனை செய்துகொண்டால், அந்த வழியா இல்லையா என்பது தெரிந்துவிடும். அந்த வழியில் எந்த ஆள் என்பதை மட்டும் அது சொல்லாது.

சம்மதிக்காவிட்டால்? கோர்ட்டுக்குப் போகலாமா என்பது அடுத்த கேள்வி. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே என்றது. மணமுறிவுக்குப் பிறகு 280 நாளுக்குள் பிறந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருந்தாலும் அப்படியே. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் இது உடையும். 1872இல் எழுதிய இந்த விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 116ஆவது பிரிவாகத் தொடர்கிறது. குழந்தைக்குக் களங்கம் வரக்கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு இது. வளர்ந்துவிட்ட பிள்ளையே உண்மையைக் கேட்கும்போது, அதே பாதுகாப்பு மதில்சுவராகிவிடுகிறது.

இந்தியாவில் தந்தைமை வழக்கில் டி.என்.ஏ. சான்று முதலில் எடுபட்டது கேரளத்தின் தலச்சேரியில், 1980களின் கடைசியில். 2012இல் உத்தரப்பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி, 86 வயதில், நீதிமன்ற உத்தரவின் பேரில் ரத்தம் கொடுத்தார். வழக்கு போட்ட ரோஹித் சேகர் அவருடைய மகன்தான் என்று அந்த ஜூலையில் முடிவு வந்தது. ரோஹித்தின் அம்மா அவர் பிறந்தபோது வேறொருவரை மணந்திருந்தவர். இதைப் பார்த்து எல்லோருக்கும் இந்த வழி திறந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. 2025 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தன் உண்மையான தந்தை இன்னார் என்று ஒரு இளைஞர் சொல்ல, அவரைச் சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. தாயின் திருமணம் நிலைத்திருந்த காலத்தில் பிறந்தவர் என்பதால் சட்டப்படி அந்தக் கணவரே தந்தை, மூன்றாவது மனிதரின் அந்தரங்கத்தை அதைத் தாண்டிக் குலைக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு போட்டுத்தான் பார்ப்போமே என்று நினைப்பவர்கள் வக்கீலிடம் முதலில் இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். என் அபிப்பிராயம், அப்பா உயிரோடு இருந்து மறுத்தால் இப்போதைய நிலையில் கோர்ட் கடைசி வழி.

தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் பாதை தனி. 1970களிலும் 80களிலும் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் இப்போது நாற்பது ஐம்பது வயதில் திரும்பி வருகிறார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தத்தெடுத்தது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ், நீதிமன்ற அனுமதியோடு. அதனால் இல்லத்தில் கோப்பு அழிந்திருந்தாலும் நீதிமன்றத்தில் மனுவின் நகல் இருக்க வாய்ப்பு உண்டு. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி 18 வயது முடிந்தவர் தன் வேர்களைத் தேட விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றவர்கள் சம்மதிக்காவிட்டால் அவர்கள் யார் என்று சொல்லமாட்டார்கள். மூன்றாவது ஆள் இவர்களுக்காகத் தேடவும் விதி இடம் தரவில்லை. கோப்பு கிடைத்தாலும் ஒப்படைப்புப் பத்திரத்தில் தாயின் கைநாட்டுதான் இருக்கும், அப்பாவைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிர்ஷ்டம். அப்பாவுக்கான வழி அம்மா வழியாகத்தான் போகிறது.

கருத்தரிப்பு மையங்களில் தானம் பெற்ற விந்தணுவால் பிறந்தவர்கள் இன்னும் வயதில் சின்னவர்கள், அவர்களில் பலருக்கு விஷயமே தெரியாது. 2021ஆம் ஆண்டின் சட்டம் தானம் கொடுத்தவரின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மருத்துவ அவசரமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அது வெளியே வராது. அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கு ரகசியமாக வைக்கக்கூட ஏட்டில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

எல்லாத் தாளையும் எல்லாச் சோதனையையும் விட, இந்த ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் மனிதர்கள்தான். பெரியம்மா, அத்தை, பழைய வீட்டுக்காரரின் மருமகள், அம்மாவோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். இவர்களிடம் நேரடியாகக் கேட்டால் “அதெல்லாம் இப்ப எதுக்குப்பா, நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாதுன்னு சொல்வாங்க” என்று முடித்துவிடுவார்கள். அந்த வருஷத்துத் தெருவைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள். எந்தப் பக்கம் குழாயடி, யார் வீட்டில் ரேடியோ, உங்கம்மா யாரோடு வேலைக்குப் போவாள் என்று பேச்சு போகும். ஒரு பெயரைச் சொல்லவந்து நிறுத்திக்கொள்வார்கள், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கே தோண்டக் கூடாது. சாவு வீட்டிலும் பதினாறாம் நாள் காரியத்திலும் வாய் தானாகத் திறக்கும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அம்மா உயிரோடு இருந்தால் மற்ற எல்லோரிடமும் கேட்பதற்கு முன் அவரிடம்தான் கேட்க வேண்டும், அல்லது அவர் காலம் முடியும்வரை கேட்காமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், அவருக்குத் தெரியாமல் அவர் சொந்தக்காரர்களிடம் விசாரிப்பதுதான் பெரிய அநியாயம். ஐம்பது வருஷம் அவர் கட்டிக்காத்த ஒன்றை, அவர் இல்லாத இடத்தில் நாலு பேர் வாயில் போட்டுவிட்டு வருகிறோம். அந்தக் காலத்தில் என்ன நடந்தது, அவர் விருப்பத்தோடு நடந்ததா என்பதே நமக்குத் தெரியாது.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முகநூலில் தேடி நேரே செய்தி அனுப்புவது பிசகு, அதை முதலில் பார்ப்பது அவருடைய பேத்தியாக இருக்கும். வீட்டு வாசலில் போய் நிற்பது அதைவிடப் பிசகு. இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒரு பெரியவர் மூலமாக, ‘சொத்து எதுவும் கேட்கவில்லை, ஒருமுறை பார்த்துப் பேசினால் போதும்’ என்ற சேதியோடு போவதுதான் நம் ஊர் முறை. சொத்துப் பேச்சை முதல் வாக்கியத்திலேயே தீர்த்துவிட வேண்டும். பதில் வர மாதக்கணக்காகும், வராமலும் போகலாம்.

கண்டுபிடித்தவர்கள் இனிஷியலை மாற்றிக்கொள்வார்களா என்று கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தைப் பதிவுசெய்து மாற்றிக்கொள்ளலாம்தான். அதற்குப் பிறகு ஆதார், பான், வங்கி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும். பிறப்புப் பதிவேட்டிலிருக்கும் தந்தை பெயர் மட்டும் அரசிதழுக்கு அசையாது, அதற்கு நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள்.